போர்க்காலத்தில் ஒரு ராஜினாமா: கொடுப்பது எளிது, ஏற்பதுதான் வேலை

"அமைச்சர் ராஜினாமா கடிதம் கொடுத்தார். பிரதமர் ஏற்றுக்கொண்டார்." செய்தியில் அடிக்கடி வரும் இரண்டு வரிகள். முதல் வரியில் குழப்பம் எதுவும் இல்லை. வேலை வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வரி எதற்கு? வேண்டாம் என்று சொன்ன பிறகு இன்னொருவர் அதை ஏற்க என்ன இருக்கிறது?

நம் பக்கத்து அலுவலகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு கிராம நிர்வாக அலுவலர் வேலையை விடுகிறார் என்று வையுங்கள். கடிதத்தைக் கொடுத்த கையோடு பையை எடுத்துக்கொண்டு மன்னார்குடி பஸ் ஏறிவிட முடியாது. கடிதம் தாசில்தார் அலுவலகம் வழியாக மேலே போகும். அவர்மேல் விசாரணை ஏதாவது நிலுவையில் இருக்கிறதா, அரசுக்குப் பணம் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் அடங்கல், அ பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் அடுத்து வருபவரிடம் எண்ணிக் கொடுத்து சார்ஜ் ஒப்படைக்க வேண்டும். ஏற்பு உத்தரவு வரும்வரை அவர் ஊழியர்தான். ஏற்பு என்பதற்கு இங்கே உள்ள பொருள் இவ்வளவுதான்: கணக்கு முடிந்தது, போகலாம்.

எல்லாப் பதவிக்கும் இந்த விதி கிடையாது. உயர் நீதிமன்ற நீதிபதி குடியரசுத் தலைவருக்குக் கைப்பட எழுதிக் கொடுத்தால் போதும், யாரும் ஏற்க வேண்டியதில்லை. குடியரசுத் தலைவர் விலக நினைத்தால் துணைத் தலைவருக்கு எழுதுகிறார், அதற்கும் ஏற்பு வேண்டாம். சட்டமன்ற உறுப்பினர் விஷயம் வேறு. கடிதம் சபாநாயகரிடம் போகும். யாரும் மிரட்டி வாங்காமல், தானாகவே கொடுத்ததுதானா என்று அவர் பார்க்க வேண்டும். கட்சித் தாவல்களும் கட்டாயக் கையெழுத்துகளும் மலிந்த காலத்தில், 1974இல் அரசியல் சட்டத்தின் 33ஆவது திருத்தம் இதைச் சேர்த்தது.

அமைச்சர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரைதான் ஒன்றிய அமைச்சர் பதவியில் இருக்க முடியும். நடைமுறையில் அது பிரதமரின் விருப்பம். அமைச்சர் கடிதத்தைப் பிரதமரிடம் கொடுக்கிறார். பிரதமர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளலாம், "போங்கள், வேலையைப் பாருங்கள்" என்று திருப்பிக் கொடுக்கலாம், ஏற்கலாம் என்று எழுதிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். மூன்றும் முடிவுகள்தான். ராஜினாமா கொடுத்தவரைப் பற்றி ஒன்று தெரிகிறதென்றால், அதை வாங்கியவரைப் பற்றி இரண்டு தெரியும்.

இதில் போர் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? நம் ஊர் உதாரணம் ஒன்றைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும் அந்த வாரத்தில், மதகு பார்க்கும் லஸ்கர் ஒருவர் வேலையை விடுகிறேன் என்று வந்து நிற்கிறார். எந்த ஷட்டரை எத்தனை சுற்று ஏற்றினால் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு போகும் என்பது அவருக்குத்தான் தெரியும். பதிலுக்கு ஒரு ஆளை நிறுத்தலாம், ஆனால் அவர் பழகுவதற்குள் கடைமடை காய்ந்துவிடும். மனிதர் மனமில்லாமல் நிற்கிறார், அல்லது மேலதிகாரியோடு பேச்சே இல்லை என்றால் அவரை வைத்துக்கொள்வதும் ஆபத்துதான். பிடித்து வைக்கவும் முடியாது, விடவும் முடியாது. போர்க்காலத் தலைவரின் சங்கடம் இதுதான். அவருக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. இந்தக் கடிதத்தை எதிரியும் படிப்பான், எல்லையில் நிற்கிற சிப்பாயும் படிப்பான்.

சரி, நம்பிக்கையான ஒருவரை விட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது. அதை நல்லபடி செய்வது என்றால் என்ன? டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. தெரிந்த கதைதான், ஆனால் நாம் எல்லோரும் அதன் பின்பாதியை மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் திருமருகல், திருப்புகலூர் பக்கம் திருச்செங்காட்டங்குடி இருக்கிறது. சிறுத்தொண்டர் ஊர். பெயரைக் கேட்டதும் பிள்ளைக்கறிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மகன் சீராளன், பைரவர் வேடத்தில் வந்த சிவன், அமுது படைத்த விழா. அதைப் பேச இங்கே இடமில்லை. எனக்கு அதைவிடச் சுவையானது, அவர் சிறுத்தொண்டர் ஆவதற்கு முன்னால் பரஞ்சோதி என்ற பெயரில் இருந்த காலம்.

பெரியபுராணம் சொல்கிறபடி அவர் ஆயுள்வேதம் படித்தவர், வடநூல் படித்தவர், படைக்கலப் பயிற்சியும் யானையேற்றமும் குதிரையேற்றமும் தெரிந்தவர். அரசனுக்காகப் படை நடத்தி வடக்கே வாதாபி வரை போனார். நகரம் தூளானது. மணி, நிதிக் குவியல், யானைக் கூட்டம், குதிரைத் திரள் என்று கொண்டுவந்து அரசன்முன் வைத்தார். அந்த அரசன் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. காஞ்சிப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் என்றும், வாதாபி விழுந்தது 642 என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். (திருவாரூர் வாதாபி கணபதியை அவர்தான் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. சேக்கிழார் தரும் பட்டியலில் பிள்ளையார் இல்லை.)

இனிமேல்தான் நமக்கு வேண்டிய இடம். அரசன் அவருடைய வீரத்தை வியந்து பேசுகிறான். பக்கத்தில் இருந்த அமைச்சர்கள், இவர் சிவத்தொண்டு செய்பவர், அந்த வலிமை இருப்பதால் இவருக்கு எதிர் நிற்பார் இல்லை என்கிறார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். அரசனுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. இப்படிப்பட்டவரைக் கொடும் போர்முனையில் விட்டு வைத்திருந்தேனே, எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று நடுங்கிப் போகிறான். தன் படைத்தலைவனை வணங்கி, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறான். பரஞ்சோதியின் பதிலைக் கவனியுங்கள். அவன் வணங்குவதற்கு முன்னால் தான் வணங்கி, எனக்கு உரிமையான தொழிலைத்தானே செய்தேன், இதில் என்ன தீங்கு என்கிறார். ஒரு புகார் இல்லை, என்னை இத்தனை நாள் வதைத்தாய் என்ற பேச்சு இல்லை. அரசன் நிறைய நிதி கொடுத்து, உம் மனம் விரும்பும் தொண்டைச் செய்யும் என்று விடை கொடுக்கிறான். பரஞ்சோதி ஊர் திரும்புகிறார்.

கண்டிப்பாகப் பார்த்தால் இது ராஜினாமா ஆகாது. அவர் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை, போரும் முடிந்திருந்தது. ஆனாலும் ஒரு நல்ல விடைகொடுப்பில் என்னென்ன இருக்க வேண்டுமோ எல்லாம் இதில் இருக்கிறது. அரசன் முதலில் செய்த வேலையைப் பெயர் சொல்லிப் புகழ்கிறான். அப்புறம் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் கொடுத்து அனுப்புகிறான். வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் பொற்கிழி, அப்புறம் புகழ்ச்சி, மன்னிப்பு கிடையாது என்றால் அது பணி நீக்கம் போலத்தான் இருக்கும். சேக்கிழாரே சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. அரசவையில் ஒரு பெரிய மனிதரை எப்படி அனுப்புவார்கள், எப்படி அனுப்பியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கண்ணால் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உண்மையான போர் நடுவே, உண்மையான கடிதங்களோடு இதைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போக வேண்டும். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் ஆபிரகாம் லிங்கன் மூன்று அமைச்சர்களை அனுப்பிய விதம் மூன்று விதமாக இருந்தது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் மனிதர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது தெரியும்.

முதலாமவர் சைமன் கேமரன், போர்த் துறைச் செயலர். அவருடைய துறையில் ஒப்பந்தங்கள் நாறிக் கிடந்தன. போதாக்குறைக்கு, அடிமைகளுக்கு ஆயுதம் கொடுக்கலாம் என்ற கருத்தை லிங்கனைக் கேட்காமலே தன் ஆண்டறிக்கையில் சேர்த்து அனுப்பிவிட்டார். 1862 ஜனவரி 11 அன்று லிங்கனிடமிருந்து அவருக்கு ஒரு சின்னக் கடிதம் வந்தது. நீங்கள் பலமுறை இடமாற்றம் கேட்டீர்கள், இப்போது அதைச் செய்துகொடுக்க முடிகிறது, ரஷ்யாவுக்குத் தூதராகப் பெயரை அனுப்புகிறேன். சாரம் அவ்வளவுதான். நன்றி என்று ஒரு சொல் இல்லை. கேமரன் உடைந்து போனார். நண்பர்கள் லிங்கனிடம் போய்ப் பேசினார்கள். லிங்கன் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே தேதியிட்டு, அன்பும் மதிப்பும் தெரிகிற வேறொரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கேமரன் தானாகவே விலகியதாக ஊருக்குத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு, வெறும் பூச்சுதானே என்று ஒருவர் கேட்கலாம். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அடுத்து நடந்தது தெரியாமல் இருந்தால். நான்கு மாதம் கழித்து, போர் தொடங்கிய நாட்களின் அவசரச் செலவுகளுக்காக மக்கள் அவை கேமரனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. கேமரன் அப்போது பதவியில் இல்லை. லிங்கன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பழி முழுவதும் போனவர் தலையில் இருந்திருக்கும். பதவியில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. 1862 மே 26 அன்று லிங்கன் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அந்தத் தவறுகள் நடந்திருந்தால் அவற்றுக்குக் கேமரன் மட்டும் பொறுப்பல்ல, தானும் மற்றத் துறைத் தலைவர்களும் சம பொறுப்பு என்று. திருத்தி எழுதிய கடிதத்தை விட இந்த ஒன்று பெரிது என்பேன். இரண்டு வருடம் கழித்து லிங்கனை மறுபடியும் வேட்பாளராக்க வேண்டும் என்று பென்சில்வேனியாவில் முன்கூட்டியே ஆள் சேர்த்தவர்களில் கேமரனும் ஒருவர்.

இரண்டாமவர் சால்மன் சேஸ், கருவூலச் செயலர். போருக்குப் பணம் புரட்டிய கெட்டிக்காரர். லிங்கன் உட்கார்ந்திருந்த நாற்காலிமேல் அவருக்கும் கண் இருந்தது, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. கோபம் வரும்போதெல்லாம் ராஜினாமா கடிதம் எழுதுவார். லிங்கன் சமாதானம் செய்து திருப்பிக் கொடுப்பார். 1862 டிசம்பரில், பிரெடரிக்ஸ்பர்க் தோல்விக்குப் பின் செனட்டர்கள் வெளியுறவுச் செயலர் சீவர்டை நீக்கச் சொன்னபோது சீவர்டும் கடிதம் கொடுத்தார், சேஸும் கொடுத்தார். சேஸ் கையிலிருந்த கடிதத்தை லிங்கன் ஆவலோடு வாங்கிக்கொண்டார். ஏன் ஆவல்? கட்சிக்குள் இருந்த இரண்டு அணியின் கடிதமும் கையில் இருந்தால் இரண்டையும் ஏற்காமல் விடலாம். அப்படியே விட்டார். இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஏற்க மறுப்பதும் ஒரு கலைதான்.

1864 ஜூனில் நியூயார்க் கருவூல அலுவலகத்துக்கு யாரை நியமிப்பது என்று தகராறு. சேஸ் வழக்கம்போலக் கடிதம் கொடுத்தார். இந்த முறை ஜூன் 30 அன்று லிங்கன் ஏற்றுக்கொண்டார். திகைத்தது சேஸ்தான். லிங்கன் எழுதியதன் கருத்து இது: உங்கள் திறமையையும் விசுவாசத்தையும் பற்றி நான் சொன்ன எதையும் திரும்பப் பெற மாட்டேன், ஆனால் நம் இருவருக்கும் இடையே அலுவல் உறவில் ஏற்பட்டுவிட்ட சங்கடம் இனியும் நீடித்தால் பொதுப்பணிக்கு ஆகாது. பாராட்டும் உண்டு, உண்மையும் உண்டு. "சொந்தக் காரணங்களுக்காக" என்ற மழுப்பல் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே மாதம்தான் லிங்கன் தன் மறுதேர்வைப் பற்றிப் பேசும்போது, ஆற்றைக் கடக்கிற நேரத்தில் குதிரையை மாற்றக் கூடாது என்று ஒரு விவசாயி சொன்னதாகச் சொல்லியிருந்தார். தனக்கு அந்த விதி, கருவூலத்துக்கு இல்லை! டிசம்பரில் அதே சேஸை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக நியமித்தார்.

மூன்றாமவர் மான்ட்கோமரி பிளேர், தபால் துறைத் தலைவர். நம்பிக்கையான ஒருவரை நல்லபடி விடுவது எப்படி என்று முன்னால் கேட்ட கேள்விக்கு இவர் கதைதான் சரியான பதில், ஏனென்றால் இங்கே லிங்கனுக்கு அவர்மேல் குறை எதுவும் இல்லை. பிளேர் நகரங்களில் கடிதங்களை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர். மணியார்டர் முறைக்கான சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். படைவீரர்கள் சம்பளத்தைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப அது உதவியது. (தபால்காரர் கொண்டுவரும் மணியார்டருக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஊர்கள் நம்முடையவை. இதன் அருமை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.) ஆனால் கட்சிக்குள் இருந்த தீவிர அணியினர் பிளேர் குடும்பத்தையே வெறுத்தார்கள். 1864 ஜூலையில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை வாஷிங்டன் ஓரம் வரை வந்து அவர் வீட்டைக் கொளுத்தியது. ஆத்திரத்தில் பிளேர் தலைநகரப் படை அதிகாரிகளைக் கோழைகள் என்ற பொருளில் ஏதோ பேச, படைத்தலைமை அவரை நீக்கச் சொன்னது. லிங்கன் மறுத்தார். என் அமைச்சரை எப்போது நீக்குவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று அமைச்சரவைக்கே எழுதி வைத்தார்.

செப்டம்பர் வந்தது. நவம்பரில் தேர்தல். கட்சியை உடைத்துத் தனியாக நின்ற பிரெமான்ட் செப்டம்பர் 22 அன்று போட்டியிலிருந்து விலகினார். மறுநாளே பிளேருக்குக் கடிதம் போனது. பிரெமான்ட் விலகியதற்கு விலையாகப் பிளேரை அனுப்பும் பேரம் நடந்ததா என்று இன்றைக்கும் ஆராய்கிறார்கள். தேதிகளைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். லிங்கன் முதலில் பிளேர் சொன்னதை நினைவூட்டுகிறார்: என் ராஜினாமா உங்களுக்கு உதவும் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்களே பெருந்தன்மையோடு பலமுறை சொல்லியிருக்கிறீர்கள், அந்த நேரம் வந்துவிட்டது. இப்படிச் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. வெளியேறுவது பிளேரின் பெருந்தன்மையாகிவிடுகிறது, லிங்கனின் உத்தரவாகத் தெரியவில்லை. அடுத்து, உங்கள்மேல் தனிப்பட்ட முறையிலோ அலுவல் முறையிலோ எனக்கு அதிருப்தி இல்லை என்று எது காரணம் அல்ல என்பதைத் தெளிவாக எழுதுகிறார். பிறகு வேலை. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போர் மற்றத் துறைகளைப் படுத்திய அளவுக்கு உங்கள் துறையைப் படுத்தவில்லை என்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனாலும் மூன்றரை வருடத்தில் தபால் துறை தொடர்பாக உங்கள்மேல் ஒரே ஒரு புகார்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை என்கிறார். அளந்து பாராட்டியிருக்கிறார். "தங்கள் ஈடு இணையற்ற சேவை" என்று எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். உங்கள் வேலை மற்றவர்கள் வேலையை விட லேசுதான் என்று சேர்த்துச் சொன்னதால், மீதியை நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பிளேர் அன்றைக்கே முறைப்படி ராஜினாமா எழுதிக் கொடுத்தார், லிங்கன் காட்டிய அன்புக்கு நன்றி சொல்லி. உடன் இருந்த அமைச்சர்களிடம் என் தலை போய்விட்டது என்று சொன்னாரே தவிர, வெளியே போய்ப் புலம்பவில்லை. லிங்கனுக்காகத் தேர்தல் மேடை ஏறினார். நவம்பர் 8 அன்று லிங்கன் ஜெயித்தார்.

இனி ஏற்பதும் மறுப்பதும் ஒரே நாளில் நடந்த ஒரு கதை. 1982 ஏப்ரல் 2 அன்று பிரிட்டன் வசம் இருந்த பால்க்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. ஏப்ரல் 5 அன்று பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பிரபு ராஜினாமா செய்தார். முன்கூட்டியே கணிக்கத் தவறியது தன் துறை, அதற்குத் தலை தான் என்பது அவர் வாதம். மார்கரெட் தாட்சர் அவரைத் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை, வருத்தத்தோடு ஏற்றார். பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட்டும் விலக முன்வந்தார். அவரைப் போகவிட தாட்சர் மறுத்துவிட்டார். கடற்படை துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நாள் அது. அந்தப் படைக்குப் பொறுப்பான அமைச்சரை அன்றைக்கு மாற்ற முடியுமா? போர் ஜூன் 14 வரை நடந்தது. நாட் கடைசிவரை இருந்தார், அடுத்த ஜனவரியில்தான் போனார். கேரிங்டனுக்கு 1984இல் நேட்டோ பொதுச்செயலர் பதவி கிடைத்தது. கௌரவமாகப் போனவருக்குத் திரும்பி வர ஒரு கதவு இருந்தது.

நம் நாட்டில் இதற்கு எதிர்மாதிரியான கதை 1962. சீனப் போர் அக்டோபர் 20 அன்று தொடங்கியது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் போக வேண்டும் என்று காங்கிரஸுக்குள்ளேயே கூச்சல். நேருவுக்கு அவரை விட மனமில்லை. அக்டோபர் 31 அன்று பாதுகாப்பைத் தான் எடுத்துக்கொண்டு, மேனனைப் பாதுகாப்பு உற்பத்தி அமைச்சராக ஆக்கினார். இந்தப் பாதி ஏற்பாடு யாருக்கும் திருப்தி தரவில்லை. ஒரே வாரத்தில், நவம்பர் 7 அன்று, ராஜினாமாவை ஏற்க வேண்டிவந்தது. நண்பரைக் காப்பாற்ற நினைத்து அவரை இரண்டு தடவை அவமானப்படுத்தியதுதான் மிச்சம். கடைசியில் ஏற்கத்தான் போகிறோம் என்றால் முதல் தடவையே ஏற்பது போகிறவருக்கும் நல்லது.

அதே நேரு ஆறு வருடம் முன்னால் இதை அழகாகச் செய்திருந்தார், அது போர்க்காலம் இல்லை என்றாலும். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர். 1956 நவம்பர் 23 விடியலில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வருடமே மகபூப்நகர் விபத்துக்காக ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்து, நேரு மறுத்திருந்தார். அரியலூருக்குப் பின் மறுபடியும் கொடுத்தார். நேரு ஏற்றார். ஏற்றுவிட்டு நாடாளுமன்றத்தில் சாஸ்திரியின் நேர்மையை மனம் திறந்து பாராட்டினார். விபத்துக்கு அவர் காரணம் என்பதற்காக ஏற்கவில்லை, அமைச்சர் பொறுப்புக்கு ஒரு முன்மாதிரி இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்ற கருத்தில் பேசினார். எது காரணம் அல்ல என்று சொல்வது இங்கேயும் வருகிறது பாருங்கள். 1957 தேர்தலுக்குப் பின் சாஸ்திரி போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சராகத் திரும்பினார்.

ஆகவே இப்படி ஒரு கடிதப் பரிமாற்றம் பேப்பரில் வந்தால், புதிதாகப் படிப்பவர்கள் "மிகுந்த வருத்தத்துடன்" என்ற வரியைத் தாண்டிப் போய்விடலாம். அது எல்லாக் கடிதத்திலும் இருக்கும். போகிறவர் செய்த வேலையில் ஏதாவது ஒன்றைத் தலைவர் குறிப்பாகச் சொல்லியிருக்கிறாரா, எது காரணம் அல்ல என்று எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். அப்புறம் ஆறு மாதம் பொறுத்து, போனவர்மேல் யாராவது பழி போடும்போது தலைவர் என்ன பேசுகிறார் என்று பாருங்கள். கேமரன் விஷயத்தில் லிங்கன் எழுதிய மே மாதக் கடிதம் மாதிரி ஒன்று வருவது அபூர்வம்.

கடைசியாக, ஏற்காமல் விட்ட ஒரு ராஜினாமா. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொதித்த நேரத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா செய்தார்கள். அழகேசன் அரியலூர் விபத்தின்போது ரயில்வே துணை அமைச்சர், எதிர்க்கட்சி மேடைகளில் அன்றைக்கு வசை வாங்கியவர். இப்போது பிரதமர் சாஸ்திரி. ஏற்கலாம் என்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்குப் பரிந்துரைத்தார். ராதாகிருஷ்ணன் ஏற்கவில்லை, பின்வாங்கும்படி சாஸ்திரிக்கு யோசனை சொன்னார். இருவரும் பதவியில் நீடித்தார்கள். ஆறேழு மாதத்தில் பாகிஸ்தானோடு போர் வந்தது. அரிசிக்கும் கோதுமைக்கும் நாடு திண்டாடிய அந்தச் சமயத்தில் உணவு அமைச்சர் நாற்காலியில் சுப்பிரமணியம்தான் இருந்தார். அதிக விளைச்சல் தரும் விதைகளுக்காக அமைச்சரவைக்குள் மல்லுக்கு நின்றவரும் அவர்தான். அந்த வருடங்களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் தஞ்சாவூர்க் குறுவை வயல்களில் பரவியது.